லினக்ஸில் ஸ்பீக்கர், இயர்போன், எச்டிஎம்ஐ, புளூடூத்: வால்யூம் உண்மையில் எங்கே மாறுகிறது?

கேள்வி இதுதான்: லினக்ஸ் போட்ட மடிக்கணினி. ஸ்பீக்கரில் ஸ்லைடரை இறக்க இறக்கக் குரல் மறைந்து பேஸ் மட்டும் அதே பலத்தில் அதிர்கிறது. இயர்போனைச் செருகினால் வால்யூம் தானாக வேறு எண்ணுக்குத் தாவுகிறது. டிவிக்கு எச்டிஎம்ஐ கொடுத்தால், ஒலிச் சிப்பின் ஸ்லைடர்களைக் காட்டும் அல்சாமிக்சர் நிரலில் ஸ்லைடரே இல்லை. டிவி, புளூடூத் ஸ்பீக்கர் இரண்டிலும் ஒரே நேரத்தில் ஒலிக்கவைத்து ஒரே ஸ்லைடரால் கட்டுப்படுத்த முடியுமா? இவை எல்லாம் டிரைவர் கோளாறா?

முதலாவது மட்டும்தான் டிரைவரைச் சேர்ந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் கோளாறே அல்ல, அந்த அமைப்பு அப்படித்தான் வேலை செய்யும். நான்காவது முடியும், ஆனால் வரிசை தவறினால் தலைவலி. எதற்கும் முன்னால், திரையில் தெரியும் சதவீதத்தை ஒதுக்கிவைத்துவிட்டு டெசிபலைப் பார்க்கப் பழகுங்கள். சதவீதம் ஒவ்வொரு நிரலும் தன் விருப்பப்படி போட்டுக்கொள்ளும் கணக்கு. டெசிபல் அப்படி ஆளுக்கு ஆள் மாறாது.

ஒலி செயலியிலிருந்து காதுக்கு வருவதற்குள் குறைந்தது நான்கு இடங்களில் அளவு மாறலாம்: செயலியின் சொந்த ஸ்லைடர், எல்லாச் செயலிகளின் ஒலியையும் சேர்த்து அனுப்பும் ஒலிச் சர்வரில் (பைப்வயர் அல்லது பல்ஸ் ஆடியோ) அந்தச் செயலிக்கான ஸ்லைடர், சர்வரில் அந்த வெளியீட்டுக்கான ஸ்லைடர், கடைசியில் ஒலிச் சிப்புக்குள் இருக்கும் மாஸ்டர், ஸ்பீக்கர், ஹெட்போன் போன்றவை. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து குளியலறைக் குழாய் வரை வரிசையாக நான்கு வால்வு போட்டதுபோல. எதை மூடினாலும் தண்ணீர் குறையும், ஒன்றை முழுவதும் திறந்தால் மற்றதன் அடைப்பு நீங்காது. கணக்கில் இவை ஒன்றோடொன்று பெருகும். டெசிபலில் எழுதினால் வெறும் கூட்டல். ஒரு இடத்தில் −20, இன்னொரு இடத்தில் −12 என்றால் மொத்தம் −32. வெளியீடு மாறும்போது இந்தச் சங்கிலியின் கடைசிப் பகுதி முழுதாக மாறிவிடுகிறது. இயர்போனுக்கும் டிவிக்கும் புளூடூத்துக்கும் ஒரே ஸ்லைடர் ஒரே மாதிரி நடந்துகொள்ளாததற்குக் காரணம் அதுதான்.

மடிக்கணினியின் சொந்த ஒலிச் சிப்பிலிருந்து தொடங்குவோம். 2004இல் இன்டெல் வெளியிட்ட எச்டி ஆடியோ விதிமுறைப்படி, கோடெக் சிப் என்பது சிறு சிறு கணுக்களின் வலை. டிஜிட்டலை அனலாக் ஆக்கும் டாக் ஒரு கணு, மிக்சர் ஒரு கணு, ஒலி வெளியே போகும் இணைப்பு முனையான 'பின்' ஒரு கணு. இவற்றில் எதில் வேண்டுமானாலும் ஒலியளவு மாற்றும் ஆம்ப் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருந்தால் அது தன்னைப் பற்றி மூன்று எண்களைச் சொல்லும்: எத்தனை படி, ஒரு படிக்கு எவ்வளவு டெசிபல், எந்தப் படி 0 டெசிபல். ப்ராக் கோப்புறைக்குள் அசவுண்ட், அதற்குள் கார்ட்0, அதற்குள் கோடெக்#0 என்ற கோப்பைத் திறந்தால் உங்கள் சிப்பின் எண்களே தெரியும். ரியல்டெக் சிப்களில் அடிக்கடி காண்பது: படிகள் ஹெக்ஸில் 57, அதாவது 87, படியளவு 2. படியளவோடு ஒன்றைக் கூட்டி 0.25ஆல் பெருக்க வேண்டும், ஆக ஒரு படிக்கு 0.75 டெசிபல். 87ஆம் படி 0 டெசிபல், அடிப்படி −65.25 டெசிபல். விண்டோசில் ரியல்டெக் உள்ள பல கணினிகளிலும் ஒலியளவின் கீழெல்லை −65.25 என்றே வரும். சிப் ஒன்றுதானே.

இப்போது சதவீதத்தை ஏன் ஒதுக்கச் சொன்னேன் என்று பாருங்கள். அந்த 87 படியில் மாஸ்டரை 44இல் வையுங்கள், மற்றவை எல்லாம் உச்சத்தில். உண்மையான அளவு −32.25 டெசிபல். ஏமிக்சர் கட்டளை இதை 51% என்று காட்டும், ஏனென்றால் அது 44ஐ 87ஆல் வகுக்கிறது, அவ்வளவுதான். அல்சாமிக்சர் திரையில் இதே இடம் 23%. அது காதின் உணர்வுக்கு நெருக்கமான ஒரு வளைவைப் போட்டு, அடிப்படியைச் சுழியாக்கிக் காட்டுகிறது. பல்ஸ் ஆடியோவிலும் பைப்வயரிலும் 29%. அங்கே சதவீதத்தின் மும்மடிதான் (தன்னைத் தானே மூன்று முறை பெருக்கியதுதான்) ஒலியின் வீச்சு: 50% என்றால் எட்டில் ஒரு பங்கு, −18 டெசிபல், 20% என்றால் −42, 10% என்றால் −60. ஒரே ரெஜிஸ்டர், மூன்று எண். "அங்கே 51 வைத்தேன், இங்கே 29 காட்டுகிறது, டிரைவர் சரியில்லை" என்ற புகார்களில் பாதி இதோடு தீர்ந்துவிடும்.

அல்சாமிக்சரில் தெரியும் மாஸ்டர் பெரும்பாலான எச்டி ஆடியோ சிப்களில் உண்மையான பாகமே அல்ல. டிரைவர் உருவாக்கும் மெய்நிகர் மாஸ்டர் அது. ஸ்பீக்கர், ஹெட்போன் போன்ற உண்மையான கட்டுப்பாடுகளைத் தனக்குக் கீழே வைத்துக்கொண்டு, தான் எத்தனை படி இறங்கியதோ அத்தனை படியை அவற்றிலிருந்து கழிக்கும். ஸ்பீக்கர் 60, மாஸ்டர் 44 என்றால் சிப்புக்குப் போவது 60 + 44 − 87 = 17, அதாவது −52.5 டெசிபல். மாஸ்டரை 20க்கு இறக்கினால் கணக்கு சுழிக்குக் கீழே போகும்; டிரைவர் சுழியிலேயே நிறுத்திவிடும். அதற்குக் கீழே ஸ்லைடரை எவ்வளவு இழுத்தாலும் மாற்றம் இருக்காது. ஸ்லைடரின் அடிப்பகுதி செத்துக் கிடப்பதாகத் தோன்றினால், மாஸ்டருக்குக் கீழுள்ள ஸ்பீக்கரோ ஹெட்போனோ உச்சத்துக்குக் கீழே மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அவற்றை 0 டெசிபலுக்கு ஏற்றிவிட்டு மாஸ்டரை மட்டும் ஆட்டுவதே சரி. ஏற்றும்போது இயர்போன் காதில் இருக்கக் கூடாது. மாஸ்டரை முதலில் நன்றாக இறக்கிக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் முதல் சிக்கல், பேஸ் மட்டும் குறையாதது. கொஞ்சம் விலை கூடிய மடிக்கணினிகளில் நான்கு ஸ்பீக்கர் இருக்கும்: மேலே இரண்டு, பேஸுக்கு இரண்டு. டிரைவர் ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு டாக்கை ஒதுக்கப் பார்க்கும்; முடிந்தவரை தனித்தனி டாக் கொடுப்பதே அதன் இயல்பான விருப்பம். ஆனால் ரியல்டெக் ஏஎல்சி285, ஏஎல்சி295 போன்ற சிப்களில் மூன்றாவது டாக்கான 06ஆம் கணுவில் ஒலியளவு ஆம்ப் கிடையாது. பேஸ் ஸ்பீக்கர் இருக்கும் 17ஆம் பின் (இரண்டும் ஹெக்ஸ் எண்கள்) அந்த டாக்கோடு இணைந்துவிட்டால், மாஸ்டர் இறங்கும்போது மேல் ஸ்பீக்கர்கள் மட்டும் அடங்கும். பேஸ் முழு பலத்தில் இருக்கும். திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் ஏழாம் தலைமுறையில் இதே சிக்கல் வந்தது. லினக்ஸின் மையமான கெர்னலில் அதற்கென்று முதலில் சேர்த்த திருத்தம், பேஸ் பின்னை முதல் டாக்கோடு வலுக்கட்டாயமாக இணைத்தது. பேஸுக்குத் தனிக் கட்டுப்பாடு போய்விடும், ஆனால் நான்கும் ஒன்றாக ஏறி இறங்கும். அதுதான் வேண்டும்.

உறுதிப்படுத்த, மேலே சொன்ன கோடெக் கோப்பில் 17ஆம் கணுவைத் தேடுங்கள். அதன் இணைப்புப் பட்டியலில் நட்சத்திரக் குறி இட்ட எண்தான் இப்போது தேர்வாகியிருக்கும் டாக். அது 06 என்று இருந்து, 06ஆம் கணுவின் விவரத்தில் ஆம்ப்-அவுட் வரி இல்லை என்றால் சந்தேகமே வேண்டாம். முதலில் கெர்னலைப் புதுப்பியுங்கள், உங்கள் மாடலுக்குத் திருத்தம் ஏற்கனவே வந்திருக்கலாம். வரவில்லை என்றால் எஸ்என்டி-எச்டிஏ-இன்டெல் என்ற டிரைவர் மாட்யூலுக்கு மாடல் என்ற விருப்பத்தில் "ஏஎல்சி285-ஸ்பீக்கர்2-டு-டாக்1" அல்லது "ஏஎல்சி295-டிசேபிள்-டாக்3" என்று, இடையில் சிறு கோடுகளோடு ஆங்கிலச் சிறிய எழுத்தில் கொடுத்து மறுதொடக்கம் செய்து பாருங்கள். கணினி, புதிய இன்டெல் மடிக்கணினிகளில் பயன்படும் எஸ்ஓஎஃப் என்ற ஒலி டிரைவரில் ஓடினால் அந்த விருப்பம் அங்கே வேலை செய்யாது. எஸ்ஓஎஃப்பின் இன்டெல் எச்டிஏ ஜெனரிக் மாட்யூலில் எச்டிஏ-மாடல் என்ற வேறு விருப்பம் இருக்கிறது. பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள்: சரியான பெயரைத் தவறான மாட்யூலுக்குக் கொடுத்துவிட்டு, பலனில்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

கெர்னலைத் தொடாமலும் ஒரு வழி உண்டு. வன்பொருள் ஒலியளவை நிலையாக வைத்துவிட்டு, எல்லாக் குறைப்பையும் சர்வரே செய்யச் சொல்வது. சிப்புக்குப் போகுமுன்பே ஒலி குறைந்துவிடுவதால் எந்த டாக்கில் ஆம்ப் இல்லை என்ற கவலை இல்லை. பைப்வயரை நிர்வகிக்கும் வயர்ப்ளம்பரின் அமைப்பில் அந்தக் கார்டுக்கு ஏபிஐ.அல்சா.சாஃப்ட்-மிக்சர் என்ற பண்பை ட்ரூ என்று வைத்தால் போதும், 0.5 பதிப்பிலிருந்து இதற்கான கோப்பு லுவாவில் அல்ல, ஜேசன் மாதிரியான வடிவத்தில் எழுதப்படுகிறது என்பதைக் கவனியுங்கள், பழைய குறிப்புகளை அப்படியே ஒட்டினால் ஓடாது. பல்ஸ் ஆடியோவில் மிக்சர் பாதைக் கோப்புகளில் மாஸ்டர் பகுதியில் வால்யூமுக்கு மெர்ஜ் என்று இருப்பதை இக்னோர் என்று மாற்ற வேண்டும். அதன்பின் அல்சாமிக்சரில் மாஸ்டரையும் ஸ்பீக்கரையும் நீங்களே 0 டெசிபலில் நிறுத்துங்கள்.

மென்பொருளில் குறைத்தால் தரம் கெடும் என்ற பயம் பரவலாக உண்டு. 16 பிட் காலத்தில் அதில் நியாயம் இருந்தது: 6 டெசிபலுக்கு ஒரு பிட் போகும். இன்று சர்வர் 32 பிட் ஃப்ளோட்டில் கணக்கிட்டு 24 பிட் டாக்குக்கு அனுப்புகிறது. −30 டெசிபல் குறைத்தால் ஐந்து பிட் போய், 19 மிஞ்சும். சிடியின் 16ஐவிட அது அதிகம். பயமின்றிச் செய்யலாம். கெடுப்பது எதிர்த்திசை: 100%க்கு மேலே ஏற்றுவது. 150% என்பது +10.6 டெசிபல், பாட்டின் உச்சங்கள் வெட்டுப்பட்டுக் கரகரக்கும்.

வழக்கமான அமைப்பில் சர்வர் இந்த வேலையை எப்படிப் பிரிக்கிறது என்பதும் தெரிந்திருப்பது நல்லது. −32 டெசிபல் கேட்டால் முதலில் மாஸ்டரிடம் போகும். மாஸ்டரின் படிகளில் அதற்குப் பக்கத்தில் இருப்பவை −32.25, −31.5, சர்வர் எப்போதும் மேல்பக்கம் இருக்கும் −31.5ஐ எடுக்கும். மீதி −0.5 ஹெட்போன் கட்டுப்பாட்டிடம் போகும். அங்கும் படி 0.75 என்பதால் பொருந்தாமல் 0விலேயே நிற்கும். கடைசி அரை டெசிபலை மென்பொருள் குறைக்கும். வன்பொருள் மாற்றம் உடனே நடக்கும். மென்பொருள் மாற்றமோ ஏற்கனவே இடையகத்தில் இருக்கும் ஒலிக்குப் பின்னால் வரும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஸ்லைடரை நகர்த்தும்போது ஒரு கணம் சத்தம் துள்ளும். பல்ஸ் ஆடியோ வன்பொருள் மாற்றத்தைத் தாமதப்படுத்தி இதைச் சரிசெய்கிறது.

பல்ஸ் ஆடியோவில் இன்னொன்றும் உண்டு: ஃப்ளாட் வால்யூம். இது இயங்கினால், அதிகச் சத்தம் கேட்கும் செயலியின் அளவே வெளியீட்டின் அளவாகிவிடும். ஏதோ ஒரு செயலி தன்னை 100% ஆக்கிக்கொண்டால் இயர்போனில் மொத்த வெளியீடும் 100%க்குப் போகும். காதுக்கு ஆபத்தான ஏற்பாடு என்பது என் உறுதியான கருத்து. டீமன் அமைப்புக் கோப்பில் ஃப்ளாட்-வால்யூம்ஸ் நோ என்று வையுங்கள். பைப்வயரில் இந்த ஏற்பாடே இல்லை.

இயர்போனைச் செருகினால் எண் தாவுவது, ஸ்பீக்கரும் இயர்போனும் ஒரே டிரைவர், ஒரே வெளியீடு என்றாலும் வெவ்வேறு போர்ட் என்பதால். சர்வர் ஒவ்வொரு போர்ட்டுக்கும் கடைசி அளவை நினைவில் வைத்து, போர்ட் மாறியதும் அதை மீட்கிறது. ஸ்பீக்கருக்கு 70% தேவைப்படும் இடத்தில் இயர்போனுக்கு 25% போதும் என்பதால் இதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். முதல்முறை செருகும் போர்ட்டுக்கு வயர்ப்ளம்பர் 40% வைக்கும், அது −24 டெசிபல். நினைவு குழம்பியிருந்தால், உங்கள் ஹோம் கோப்புறையில் மறைந்திருக்கும் லோக்கல், ஸ்டேட், வயர்ப்ளம்பர் வழியே போய் டிஃபால்ட்-ரூட்ஸ் கோப்பை அழித்து, சேவையை மீண்டும் தொடங்குங்கள். கெர்னலின் ஒலி அமைப்பான அல்சாவும் தனியாக வேர் கோப்புறையின் வார், லிப், அல்சா வழியே அசவுண்ட்.ஸ்டேட் என்று ஒன்றை வைத்திருக்கிறது. ஆனால் சர்வர் எழுந்ததும் தன் எண்ணை அதன்மேல் எழுதிவிடும். ஆகவே அல்சாமிக்சரில் திருத்திச் சேமித்தது மறுதொடக்கத்தில் மறைந்தால் வியப்படைய வேண்டாம்.

செருகியதும் ஸ்பீக்கர் அடங்குவது வால்யூம் குறைவதால் அல்ல. டிரைவர் ஸ்பீக்கர் பின்னின் வெளியீட்டையே அணைக்கிறது. இரண்டும் சேர்ந்து ஒலிக்க வேண்டுமென்றால் அல்சாமிக்சரில் ஆட்டோ-மியூட் மோடை டிசேபிள் ஆக்க வேண்டும். அதோடு, ஹெட்போன் பாதைக் கோப்பில் ஸ்பீக்கர் பகுதியில் ஆஃப் என்று இருப்பதையும் மாற்ற வேண்டும். ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் சர்வர் மறுபடி அணைத்துவிடும்.

எச்டிஎம்ஐக்கு வருவோம். அங்கே ஒலி டிஜிட்டலாகவே வெளியேறுகிறது. அனலாக் ஆக்கும் டாக்கும் ஆம்பும் டிவிக்குள் இருக்கின்றன. கணினிப் பக்கத்தில் ஆட்டுவதற்கு ஆம்பே இல்லாததால் அல்சாமிக்சரில் எஸ்/பிடிஐஎஃப் என்ற பெட்டிகள் மட்டும் வரும்; எம்எம் என்றால் ஊமை, 00 என்றால் திறந்தது, எம் விசை மாற்றும். மேசைத்திரையின் ஸ்லைடர் எச்டிஎம்ஐக்கும் நகர்கிறது என்றால் அது சர்வர் செய்யும் மென்பொருள் குறைப்பு. சர்வர் இல்லாமல் நேரடி அல்சாவில் ஓடுபவர்கள் சாஃப்ட்வால் செருகியைச் சேர்த்துக்கொள்ளலாம். அதன் இயல்பு வீச்சு −51 முதல் 0 டெசிபல், 256 படிகள். மேக் கணினிகளில் எச்டிஎம்ஐக்கு மாறியதும் ஸ்லைடர் மங்கிப்போவதும் இதே காரணத்தால்தான், ஆப்பிள் அந்த மென்பொருள் குறைப்பைக் கொடுக்கவில்லை. நடைமுறையில், கணினியில் 100% வைத்து டிவியின் ரிமோட்டில் வசதியான உச்சத்தை அமைத்துக்கொள்ளுங்கள். பிறகு அன்றாடக் குறைப்பைக் கணினியிலிருந்து செய்யலாம். டிவியை உச்சத்தில் வைத்துக் கணினியை 15%இல் ஓட்டினால் டிவி ஆம்பின் இரைச்சல் முழுதாகக் கேட்கும்.

யுஎஸ்பி ஹெட்செட் தன் வீச்சைத் தானே சொல்லும், ஒரு டெசிபலின் 256இல் ஒரு பங்கு அலகில். மலிவானவை சில பொய்யான எண்ணைச் சொல்லும். 30% வரை ஒன்றும் கேட்காமல் திடீரென்று கத்தினால், கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையில் "வால்யூம் வீச்சு நம்பமுடியாத அளவு பெரியது" என்ற பொருளில் எச்சரிக்கை இருக்கிறதா பாருங்கள். அங்கும் மருந்து சாஃப்ட்-மிக்சர்தான்.

புளூடூத்தில், ரிமோட் கட்டளைகளுக்கான ஏவிஆர்சிபி விதிமுறையின் 1.4 பதிப்பு முதல் முழுமை ஒலியளவு வந்தது. கணினி 0 முதல் 127 வரை ஒரு எண்ணை அனுப்ப, ஸ்பீக்கரே தன் ஆம்பை மாற்றும். இது இயங்கினால் கணினி ஸ்லைடரும் ஸ்பீக்கர் பொத்தானும் ஒன்றே. இயங்காவிட்டால் இரண்டும் தொடர்பற்ற இரண்டு வால்வுகள். கணினியில் 100% வைத்தும் சன்னமாக இருந்தால் ஸ்பீக்கரின் கூட்டல் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பல்ஸ் ஆடியோவில் இந்த வசதி 15ஆம் பதிப்பில்தான் வந்தது. அழைப்புக்கான எச்எஃப்பி நிலைக்கு மாறினால் 0 முதல் 15 வரை பதினாறே படி, அதனால் ஒரு தட்டலுக்கே சத்தம் பெரிதாக மாறும்.

கடைசியாக, டிவியும் புளூடூத்தும் சேர்ந்து. பல்ஸ் ஆடியோவில் மாட்யூல்-கம்பைன்-சிங்க், பைப்வயரில் கம்பைன்-ஸ்ட்ரீம். புதிதாக ஒரு கூட்டு வெளியீடு தோன்றும். அதன் ஸ்லைடர் மென்பொருள் மட்டுமே, அடியிலுள்ள இரண்டும் தங்கள் சொந்த ஸ்லைடரை வைத்திருக்கும். ஆகவே முதலில் கூட்டு வெளியீட்டை 100%இல் வையுங்கள். அடியிலுள்ள இரண்டையும் ஒவ்வொன்றாக, நீங்கள் உட்காரும் இடத்தில் ஒரே சத்தம் வரும்வரை சர்வரின் ஸ்லைடர்களைக் காட்டும் பாவுகண்ட்ரோல் நிரலில் சமப்படுத்துங்கள். பிறகு கூட்டு வெளியீட்டை இயல்பு வெளியீடாக ஆக்குங்கள். விசைப்பலகையின் ஒலி விசைகள் இயல்பு வெளியீட்டை மட்டுமே தொடும் என்பதால் இதை மறந்தால் ஒரு பக்கம் மட்டும் குறையும்.

தாமதம் தனிச் சிக்கல். புளூடூத் பொதுவாகப் பின்தங்கும், டிவியும் தன் பங்குக்குத் தாமதிக்கும், டிவியின் உள் தாமதம் கணினிக்குச் சரியாகத் தெரியாது. பாவுகண்ட்ரோலில் பின்தங்கும் வெளியீட்டின் மேம்பட்ட பகுதியைத் திறந்து தாமத ஈட்டை 20 மில்லிவிநாடி வீதம் கூட்டிக்கொண்டே போய், கைதட்டல் ஒலி ஒன்றாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். கம்பைன்-ஸ்ட்ரீமில் தாமதத்தை ஈடுசெய்யும் விருப்பத்தையும் இயக்குங்கள். இரண்டு கருவிகளின் கடிகாரமும் ஒன்றல்ல. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் என்றால் 48,000 மாதிரியில் விநாடிக்கு 2.4 மாதிரி, ஒரு மணி நேரத்தில் 180 மில்லிவிநாடி. சர்வர் இதைத் தொடர்ந்து மறுமாதிரி எடுத்து ஈடுகட்டும். அதற்காக அது செலவிடும் சிபியு நேரத்தைக் குறைக்க நினைத்து மறுமாதிரியை அணைக்க வேண்டாம், அரைமணியில் எதிரொலி கேட்கத் தொடங்கும்.

முதல் சிக்கல் மாடல் விருப்பத்துக்கும் அசையவில்லை என்றால் அல்சா-இன்ஃபோ நிரலை ஓட்டுங்கள். அது கோடெக் கோப்பு, கெர்னல் பதிப்பு, மிக்சர் நிலை எல்லாவற்றையும் ஒரே கோப்பாகத் தரும். உங்கள் லினக்ஸ் வழங்கலின் பிழைப்பதிவில் அதை இணைத்து, எந்தப் பின் எந்த டாக்கில் இருக்கிறது, மாஸ்டரை அடிப்படி வரை இறக்கும்போது எந்த ஸ்பீக்கர் மட்டும் ஒலிக்கிறது என்ற இரண்டையும் எழுதுங்கள். இந்த இரண்டு வரி இருந்தால், கெர்னலில் உங்கள் மடிக்கணினியின் அடையாள எண்ணை ஏற்கனவே உள்ள திருத்தத்தோடு சேர்ப்பது பெரும்பாலும் ஒற்றை வரி வேலை.